அண்மை

ஜெபராணிக்குச் சம்பளம் கொடுத்தது ஒரே ஒரு கேள்விக்காகத்தான். யாரும் யாரிடமும் கேட்க விரும்பாத கேள்வி அது.

மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் முடிவு சொன்ன பிறகு, அவருடைய சொந்தக்காரர்களை ஜெபராணி அந்த அறைக்கு அழைத்து வருவாள். உட்கார வைப்பாள். தண்ணீர் கொடுப்பாள். அழுது ஓயும்வரை கூடவே இருப்பாள். அப்புறம் கேட்பாள். அவருடைய கல்லீரலை, சிறுநீரகங்களை, இதயத்தை, உயிருக்குத் தவிக்கிற வேறு யாருக்காவது கொடுக்கச் சம்மதமா?

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்று அவள் கழுத்து அட்டையில் போட்டிருந்தது. வார்டில் அவளுக்குப் பெயர் 'கேக்கற அக்கா'.

நடுவில் கொஞ்ச காலம் நிர்வாகம் அந்த வேலையை ஒரு கணினித் திரையிடம் கொடுத்துப் பார்த்தது. திரையில் ஒரு பெண்முகம் வரும். எதிரில் இருப்பவர் மேலூர்க்காரர் என்றால் மேலூர்ப் பேச்சு, கம்பத்துக்காரர் என்றால் கம்பத்துப் பேச்சு. சரியான இடத்தில் அதன் குரல் உடையும், கண்ணில் நீர் கட்டும். மகளைப் பறிகொடுத்த ஒருவர் நாற்காலியைத் தூக்கி அதன் முகத்தில் போட்டார். அதற்குப் பிறகு மறுபடியும் ஜெபராணியைக் கூப்பிட்டார்கள்.

மனுசி கேட்டாலும் மறுத்தவர்கள்தான் அதிகம். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. கோபம் வராத அளவுக்கு அந்த வேலையில் ஊறியிருந்தாள். ஒரே ஒரு முறை மட்டும் ஒரு பெண், புருசனை இழந்தவள், ஜெபராணி தோளைத் தொட வந்தபோது கையைத் தட்டிவிட்டு, "தள்ளிப் போ, உம்மேல பொணவாடை அடிக்குது" என்று சொன்னாள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் ஜெபராணி பஸ்ஸில் தன் முந்தானையை மோந்துகொண்டே வந்தாள். பினாயிலும் கைகழுவும் மருந்தும் கலந்த வாடைதான். ஆனாலும் அந்தச் சொல் அவளை விட்டுப் போகவில்லை.

அப்படித்தான் தமுக்கம் மைதானத்தில் நடந்த பொருட்காட்சியில் மங்களேஸ்வரியின் மேஜை முன்னால் அவள் நின்றாள். ஒரு பக்கம் டெல்லி அப்பளம், இன்னொரு பக்கம் சுடிதார்த் துணி. நடுவே வெள்ளைத் துணி விரித்த ஒரு மேஜையில் கட்டைவிரல் அளவுக் குப்பிகள். மங்களேஸ்வரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரையை மறைக்காத, சிரிக்க அவசரப்படாத பெண். சோப்பும் பவுடரும் செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் மூக்கும் மூளையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று ஆராய்ச்சி செய்தவள். அங்கே பிடிக்காமல் வெளியே வந்து, திருநகரில் தன் வீட்டு மாடியில் தானே சின்னச் சின்ன அளவில் வாசனை எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் இல்லை. கடைகளில் கிடைக்காது.

ஜெபராணி கையில் எடுத்த குப்பியில் 'அண்மை' என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்து மோந்தபோது ஏமாற்றமாக இருந்தது. நனைந்த சிமெண்டுத் தரை மாதிரி ஒரு வாடை, அதற்கடியில் கொஞ்சம் ஜாதிக்காய். அவ்வளவுதான்.

"குப்பியில பாக்காதீங்க. தோல்ல போட்டுட்டு மறந்துடுங்க. இது உங்களுக்காக மணக்கிறது இல்ல. பக்கத்துல யாராவது வந்தாத்தான் மணக்கும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி" என்றாள் மங்களேஸ்வரி.

வாங்கி வந்த மறுநாள் காலையில் குளித்துவிட்டு மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு, காதுமடலுக்குப் பின்னால் தொட்டு ஒரு இழுப்பு, முழங்கை மடிப்பில் கொஞ்சம். ஸ்பிரிட் கலக்காத எண்ணெய் என்பதால் குளுகுளுவென்று ஆவியாகிப் போகவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சூடேறியது. முதலில் அதே ஈரச்சிமெண்டு. பல் விளக்கித் தலைவாரி முடிப்பதற்குள் ஜாதிக்காய் மேலே வந்தது. பஸ் ஏறும்போது ஒன்றுமே இல்லை. மணிக்கட்டை மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். வெறும் தோல். நன்றாக ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

காளவாசல் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண், முன்பின் தெரியாதவள், அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

வார்டில் ஒரு நர்ஸ் அவளைக் கடந்து போனவள் திரும்பி வந்து, எங்கம்மா பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு, என்ன போட்டிருக்கீங்க என்று கேட்டாள். லிஃப்ட் இயக்குபவர் தன் அண்ணன் சட்டை வாசம் என்றார். கேண்டீன்காரருக்கு அவருடைய பெரியம்மா. யாருமே மல்லிகை என்றோ சந்தனம் என்றோ சொல்லவில்லை. எல்லாரும் ஒரு உறவைத்தான் சொன்னார்கள். ஜெபராணிக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிணவாடை என்ற சொல் அன்றைக்குத்தான் அவளை விட்டு இறங்கியது.

வீட்டில் நடந்தது அதைவிடப் பெரிது. அவள் கணவன் எட்வின் மின்வாரியத்தில் வேலை பார்த்தான். கெட்டவனில்லை. ஆனால் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள். அவன் சாப்பிடுவது டிவி முன்னால், அவள் சாப்பிடுவது அடுப்படியில். அன்றைக்கு எட்வின் தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்தவன் போகவில்லை. குக்கர் மூன்று முறை கத்தும்வரை அங்கேயே நின்று, சம்பந்தமில்லாமல் சாயர்புரத்தில் தன் அப்பா தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போன கதையைச் சொன்னான். பிறகு தட்டை எடுத்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஜெபராணி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்தாள். அதற்கப்புறம் எண்ணெய் இல்லாமல் அவள் ஒருநாளும் இருக்கவில்லை.

அந்த ஜன்னல் இல்லாத அறைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள். முதல் குடும்பம் சரி என்றது. அடுத்த குடும்பமும் சரி என்றது. முன்பு நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தவர்கள் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா என்றார்கள், அத்தை என்றார்கள். மறுப்பவர்கள் மிகவும் குறைந்துபோனார்கள். மருத்துவமனை இயக்குநர் சதாசிவம், ஒரு கூட்டத்தில் அவளை எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார்.

அவளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போவதில்லையா, அது மாதிரித்தான் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். கல்லீரல் கிடைத்துப் பிழைத்த ஒருவர் தன் இரண்டு மகள்களோடு வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போன நாளில் அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வீரணன் வந்தது அந்த வாரத்தில்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஒரே மகன் கோகுல், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், நாலுவழிச் சாலையில் லாரி மோதிக் கிடந்தான். வீரணன் அறைக்குள் வரும்போதே தெளிவாகச் சொன்னார். பெண்டாட்டி ஒச்சம்மாள் மயங்கி மயங்கி விழுகிறாள், ஊரில் படுக்க வைத்திருக்கிறோம், கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒரு வார்த்தைதான் சொன்னாள், புள்ளைய முழுசாக் கொண்டாங்க என்று. சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும், கேட்காதீர்கள்.

ஜெபராணி கேட்கவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெறுமனே உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த அந்த மனுசனின் தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. மகனைப் பற்றிச் சொன்னார். பிறகு தன் தங்கை பேச்சியைப் பற்றிச் சொன்னார். மஞ்சள்காமாலையில் போய்விட்டாள், அவள் இருந்திருந்தால் இந்நேரம் எனக்கு இப்படித் தனியாக உட்கார வேண்டியிருக்காது என்றார். அப்புறம்தான் அவள் கேட்டாள். தாழ்ந்த குரலில், நாலே வாக்கியத்தில்.

வீரணன் அவள் பக்கம் சாய்ந்து, "நீ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும் பேச்சி" என்றார்.

அந்தப் பெயர் ஜெபராணி காதில் விழுந்தது. அவர் தன்னை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. சீனியர் நர்ஸ் போன் செய்து பையனின் அம்மாவிடம் பேசியாச்சா என்று கேட்டபோது, அப்பா கையெழுத்துப் போதும் என்றாள். சட்டப்படி அது போதும். அவள் பேனாவை நீட்டினாள்.

கோகுலின் உறுப்புகள் நான்கு பேருக்குப் போயின. நான்கு பேரும் பிழைத்தார்கள்.

மாசிமாதம் முடிந்து வெயில் ஏறியிருந்த ஒரு மத்தியானம், வீரணன் மருத்துவமனைக் கேண்டீனில் உட்கார்ந்திருப்பதாக ஒரு ஆள் வந்து சொன்னார். ஜெபராணி இறங்கிப் போனாள். கேண்டீன் திறந்தவெளி. தலைக்கு மேல் பெரிய விசிறி காற்றை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

சண்டை போட வரவில்லை என்றுதான் ஆரம்பித்தார். தானம் கொடுத்தது தப்பு என்றும் சொல்லவில்லை. நான்கு குடும்பம் விளக்கேற்றுகிறது, அது எனக்குத் தெரியும் என்றார். ஆனால் ஒச்சம்மாள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. சோறு பொங்குகிறாள், தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். ஊர்ப் பெரியவர்கள், அவள் அண்ணன்மார், எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு தடவை, அதுவும் சுவரைப் பார்த்து, வாக்குக் குடுத்தவனுக்கு வாய் எதுக்கு என்று சொன்னாளாம்.

"எனக்கே வெளங்கலம்மா. நான் வாக்கு மாறுற ஆளு இல்ல. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நெனச்சுப் பாத்தா, அந்த ரூமுல இருந்தது நான்தானான்னு இருக்கு. நீ என்னம்மா பண்ணுன என்னைய?" என்றார் வீரணன்.

அதைச் சொல்லும்போது பக்கத்து மேஜையில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கேட்க வேண்டாம் என்று அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஜெபராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்முன்னால் அந்த முகம் மாறியது. புருவத்தின் நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. மூக்கு லேசாக விரிந்தது. கண் கலங்கியது. கேட்ட கேள்வியை மறந்துவிட்டவராக, அவர் அவள் கையைத் தேடித் தன் கையை மேஜை மேல் வைத்தார்.

அவள் எழுந்து நாலடி பின்னால் போய் நின்றாள். என்னம்மா என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி, குழாயடியில் சோப்புப் போட்டுப் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தாள். போனதா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. தோலில் ஊறிய பிறகு அவள் மூக்குக்கு அது எப்போதுமே இல்லை.

திருநகர் மாடியில் மங்களேஸ்வரி அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் குறுக்கிடவில்லை.

"ரத்தசொந்தங்களோட உடம்பு வாடை, நம்ம உடம்பு வாடைக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கும். நமக்கு அது தெரியாது. மூக்குக்குத் தெரியும். ஒருத்தரைப் பாத்ததும் நம்ம ஆளுன்னு தோணுதே, அதுல பாதி மூக்கு சொல்றதுதான்" என்றாள்.

"உங்க எண்ணெய் என்ன செய்யுது?"

"பக்கத்துல வர்றவங்க தோல்ல இருந்து வர்ற ஆவியைப் பிடிச்சுக்கும். கொஞ்சம் மாத்தி அவங்களுக்கே திருப்பிக் குடுக்கும். மூக்கு அதை மோந்துட்டு, இது நம்ம ரத்தம்னு சொல்லிடும். அதுக்கப்புறம் அண்ணனா, அம்மாவாங்கிறது அவங்கவங்க மனசு தேடிக்கிறது."

"இதை எதுக்குச் செஞ்சீங்க?"

"முதியோர் இல்லத்துல இருக்கிறவங்களுக்காக. அவங்களைப் பாத்துக்கிற பொண்ணுங்க போட்டுக்கிட்டா, கெழவங்க கொஞ்சம் நிம்மதியாச் சாப்பிடுவாங்க, தூங்குவாங்கன்னு. நீங்க அதைப் போட்டுக்கிட்டு எங்க போறீங்கன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க இது என்ன செய்யும்னு எங்கிட்ட சொல்லலையே" என்றாள் ஜெபராணி.

ஜெபராணி அப்போது வீரணனைப் பற்றி நினைக்கவில்லை. எட்வினைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், தூக்கத்தில் அவள் கழுத்தில் முகம் புதைத்தவன், அவளிடம் வரவே இல்லை.

அன்றோடு எண்ணெயை நிறுத்தினாள். குப்பியைத் துணிக்குள் சுருட்டி பீரோவின் அடியில் போட்டாள். எட்வின் இரண்டு நாள் அடுப்படிக்கு வந்து நின்றான். எதையோ தேடுகிறவன் மாதிரி இருந்தான். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டான். ஒரு சாயங்காலம் அவளாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் திரும்பிப் பார்த்து, என்ன வேணும் என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

ஜன்னல் இல்லாத அறையில் மறுபடியும் மறுப்புகள் வந்தன. அவள் முன்பு மாதிரியே பொறுமையாகப் பேசினாள், முன்பு மாதிரியே அவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். அந்த நாட்களில் ஷர்மிளா பானு என்று ஒரு பெண் கல்லீரலுக்காகக் காத்திருந்தாள். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவள், எந்நேரமும் எதையாவது கேட்டு நர்சுகளை நச்சரிக்கிற பெண். அவளுக்குப் பொருந்துகிற கல்லீரலோடு, மூளைச்சாவு அடைந்த ஒருவர் வந்தார். அவருடைய தம்பிமார் மறுத்துவிட்டார்கள். மறுத்துவிட்டு, பெரிய மனசு பண்ணி எங்களைக் கட்டாயப்படுத்தாமல் விட்டீர்கள் என்று ஜெபராணிக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஷர்மிளா அந்த வாரமே போய்விட்டாள். அவளுடைய வாப்பா, ஆம்புலன்சில் ஏறுவதற்கு முன் ஜெபராணியைத் தேடி வந்து, நீங்க முடிஞ்சதைச் செஞ்சீங்கம்மா, அல்லா உங்களுக்கு நல்லதைத் தரட்டும் என்றார்.

முடிந்ததை அவள் செய்யவில்லை. அது பீரோவுக்கு அடியில் இருந்தது. வீரணன் வீட்டுக்குச் செய்தது பாவமா, ஷர்மிளாவுக்குச் செய்யாமல் விட்டது பாவமா என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. ஜெபம் செய்து பார்த்தாள். ஜெபத்திலும் ஒரு பக்கம் வீரணன் இருந்தார், இன்னொரு பக்கம் அந்தப் பெண் இருந்தாள்.

இயக்குநர் சதாசிவம் கூப்பிட்டு, என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று அக்கறையோடுதான் விசாரித்தார். தாங்க முடியாமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வேலையை விட்டு அனுப்பட்டும், புகார் கொடுக்கட்டும், யாராவது ஒருவர் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லட்டும் என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து முழுவதும் கேட்டார். அவள் பேசி முடித்து அழுது முடித்த பிறகு, டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது எங்க கிடைக்கும்னு சொன்னீங்க?"

அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

உசிலம்பட்டியில் பஸ் மாறி, அந்த ஊரில் இறங்கி வழி கேட்டுப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீரணன் வீட்டின் முன்னறைத் தரை முழுவதும் பலவகை டைல்ஸ். வேலை செய்த வீடுகளில் மிஞ்சியதை எல்லாம் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். ஒன்றோடொன்று சேராத அந்த நிறங்களின் நடுவில் ஒச்சம்மாள் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஜெபராணி தான் யார் என்று சொன்னதும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் உரித்தது. வீரணன் உள்ளே இருந்து வந்து வாசல்நிலையில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஜெபராணி தானாகவே தரையில் உட்கார்ந்தாள். எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். அது பக்கத்தில் வருகிறவர்களுடைய வாடையைப் பிடித்து அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கும், ரத்தசொந்தம் என்று மூக்கை நம்ப வைக்கும் என்று, மங்களேஸ்வரி சொன்னதை அப்படியே சொன்னாள். அண்ணன் உங்களுக்குக் கொடுத்த வாக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த அறையில் நான் அவரைப் பக்கத்தில் உட்கார்ந்து ஏமாற்றினேன், செத்துப்போன தங்கச்சி சொல்கிறாள் என்று நினைத்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டார், பேச்சி என்று கூப்பிட்டார், அது என் காதில் விழுந்தது, விழுந்தும் பேனாவைக் கொடுத்தேன் என்றாள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் அக்கா, அவரைத் தண்டிக்காதீர்கள்.

ஒச்சம்மாள் மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தலையைத் தூக்கித் தன் புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

வீரணன் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே உடைந்து, நிலையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். ஒச்சம்மாள் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். குடி என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஜெபராணிக்குத் தோன்றியது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது மாதிரிகூட இருந்தது. எழுந்து போய்விட்டிருக்கலாம்.

"அந்தத் தைலம் வச்சிருக்கியா?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

நம்ப மாட்டார்களோ என்று பையில் கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் அக்கா என்று சொல்லிப் பார்த்தாள். ஒச்சம்மாள் கேட்கவில்லை. "போடு. அவரு என்னத்த மோந்தாருன்னு நானும் மோந்து பாக்குறேன்" என்று ஜெபராணியின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது அங்கே மூன்று பேருக்குமே தெரிந்தது. புருசனுக்குத் தங்கச்சி வந்தாள் என்றால், தனக்கு யார் வருவான்?

ஜெபராணி குப்பியைத் திறந்து மணிக்கட்டில் தடவினாள். ஈரச்சிமெண்டு எழுந்தது, ஜாதிக்காய் எழுந்தது, பிறகு அவளுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒச்சம்மாள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூச்சு ஜெபராணியின் தோலில் சூடாகப் பட்டது. வீரணன் அழுகையை நிறுத்திவிட்டுத் தவழ்ந்தபடியே கிட்டத்தில் வந்தார்.

"புள்ளையா?" என்று கேட்டார். "ஒச்சு, கோகுலு வாடையா?"

ஒச்சம்மாள் இன்னொரு முறை மோந்தாள். சந்தையில் சரக்கைப் பார்க்கிறவள் மாதிரி, நிதானமாக. பிறகு கையை விட்டாள்.

"இல்ல. இது எம்புள்ள இல்ல. எம்புள்ள வாடை எனக்குத் தெரியாதா? அவன் சட்டை இன்னமும் தொவைக்காம என் தலைமாட்டுலதேன் கெடக்கு. இது நானு. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சா என் சேலையில அடிக்குமே, அந்த வாடை" என்றாள்.

வெளியே எங்கோ டிராக்டர் ஒன்று போனது. ஒச்சம்மாளின் முகத்தில் சற்று முன் வந்திருந்த இளக்கம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருப்பதை ஜெபராணி பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கி நீ மோந்தது உன்னையத்தேன்" என்று அவள் புருசனிடம் சொன்னாள். "பேச்சியும் வரல, ஒரு பீச்சியும் வரல. இந்தப் பொம்பள கேட்டா. உன் மனசு குடுன்னுச்சு. நீயே உனக்குச் சரின்னு சொல்லிக்கிட்ட. அதுக்குச் செத்தவ பேர எடுத்துப் போத்திக்கிட்ட."

"அய்யோ அப்படி இல்ல ஒச்சு..."

அவள் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மொச்சையின் தோல் உடைகிற சத்தம் மறுபடியும் கேட்டது. இனி அவள் தலை நிமிராது என்பது வீரணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அவளிடம் கெஞ்சவில்லை. ஜெபராணியின் பக்கம் திரும்பினார். இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார். புருவத்தின் நடுவில் இருந்த முடிச்சு அவிழத் தொடங்கியது.

"நீ சொல்லும்மா. அவ சொல்றது நெசமா? நானாத்தேன் குடுத்தேனா? நீ என்ன சொல்றியோ அதை நான் ஏத்துக்கிறேன்."

ஜெபராணிக்குச் சொல்ல வார்த்தைகள் இருந்தன. ஆமாம் என்பதற்கும் இருந்தன, இல்லை என்பதற்கும் இருந்தன. இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த மனுசன் மிச்சமிருக்கிற நாளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அவள் மணிக்கட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் கையெட்டாத தூரத்துக்கு எழுந்து போனாள். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.